அறுபத்தைந்து நிமிடங்கள்

2006 ஆகஸ்ட், இரண்டாம் சனிக்கிழமை.

09.40: நோர்வேயின் வடபகுதியில், ஒரு பண்ணை நிலத்திலுள்ள நன்னீர் ஊற்றுக் குகைக்குள் இரண்டு சுழியோடிகள் இறங்கினர். ஒருவர் பெண், மற்றவர் ஆண்.

13.00: வெளியே வந்து, ஒஸ்லோவிலிருந்த கரைத் தொடர்பாளருக்கு அவர்கள் தொலைபேசியில் அறிவிக்க வேண்டிய நேரம். அழைப்பு வரவில்லை.

14.05: கரைத் தொடர்பாளர் அவசர சேவையை அழைத்தார்.

19.50: மீட்புச் சுழியோடிகள், குகையின் உள்ளே நீர்மட்டத்துக்கு மேலிருந்த ஒரு காற்றறையை அடைந்தனர். ஆண் உயிருடன் இருந்தார். பெண், வயது இருபத்தொன்பது, குளிரால் இறந்திருந்தார்.

அந்தப் பெண் என் மகள். கரைத் தொடர்பாளர் நான்.

நகரத்தின் நீர்வழங்கல் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் பொறியியலாளனாக இருந்தேன். விபத்து அறிக்கைகள் பல எழுதியிருக்கிறேன். மேலேயுள்ள குறிப்பில் ஒரு சொல்லும் பிழையில்லை. ஆனால் பதின்மூன்று மணிக்கும் பதினான்கு மணி ஐந்து நிமிடத்துக்கும் இடையில் என்ன நடந்தது என்பது அதில் இல்லை. பொலிஸ் அறிக்கையிலும் இல்லை. ஒருவரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

கரைத் தொடர்பாளர் என்பது சுழியோடிகளின் ஒழுங்கு. நீருக்குள் இறங்குமுன், தரையிலுள்ள ஒருவரிடம் ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த நேரத்துக்குள் அழைப்பு வராவிட்டால் அவர் உதவி கேட்க வேண்டும். அவருக்கு வேறு வேலை இல்லை. மகள் துரொண்ட்ஹெய்ம் நகரில் வேலை செய்தாள். அவளுடைய சுழியோடிச் சங்கத்தில் மற்றவர்கள் மனைவியையோ நண்பனையோ பெயரிட, அவள் என்னைப் பெயரிட்டாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒஸ்லோவில் நாங்கள் இருக்கும் அம்மருட்டில், எங்கள் தமிழ் ஆட்களின் கூட்டம் எதுவானாலும் மூன்று மணி என்றால் நான்கு மணி. நான் மட்டும் மூன்றுக்குப் போய், பூட்டிய மண்டபத்தின் வாசலில் நிற்பேன். “இந்தச் சனத்திலை நேரத்துக்கு வாற ஒரே ஆள் அப்பாதான்” என்று அவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

முந்திய கோடையில் அவள் ஒஸ்லோவுக்கு வந்து, இங்கேயுள்ள ஓர் ஏரியில் நண்பர்களுடன் இறங்கினாள். சொன்ன நேரம் கடந்து ஐந்தாவது நிமிடத்தில் நான் அவசர சேவையை அழைத்தேன். இரண்டு வாகனங்களும் ஒரு படகும் வந்தன. அப்போது அவள் ஒரு பெற்றோல் நிலையத்தில், மின்னேற்றம் தீர்ந்த தொலைபேசியுடன், நண்பர்களோடு பொரித்த சொசேஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மீட்புப் பிரிவினர் மரியாதையாகவே பேசினார்கள். அந்த மரியாதை என்னைக் கூசச் செய்தது. அகதியாக வந்து நின்ற நாட்டில், காரணமில்லாமல் அவர்களின் வாகனங்களை ஓடவிட்டவன் ஆனேன். படகையே வரவழைத்ததற்காகச் சங்கத்தில் எனக்கு ‘அட்மிரல்’ என்று பெயர் வைத்தார்கள்.

அன்று பின்னேரம் அவள் கோபப்படவில்லை. என் தோளில் கை வைத்துக்கொண்டுதான் சொன்னாள்: “அப்பா, உங்களாலை நான் அங்கை பெரிய பகிடியாய்ப் போனன். இனிமேல் ஒரு மணித்தியாலம் பொறுத்து எடுங்கோ. கெஞ்சிக் கேக்கிறன்.”

நான் ஒப்புக்கொண்டேன். தொலைபேசிக்கு மேலே ஒரு தாளில் ‘+ ஒரு மணித்தியாலம்’ என்று எழுதி ஒட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை ஒரு மணிக்கு நானும் மனைவியும் தொலைபேசிக்கு அருகில் இருந்தோம். ஒன்று பத்துக்கு மனைவி, “எடுங்கோவன்” என்றாள். பொறும், அவள் சொன்னவள்தானே என்றேன். ஒன்று இருபத்தைந்துக்கு மீண்டும் சொன்னாள். பிள்ளைக்கு மானக்கேடு என்றேன். அதன்பின் அவள் சொல்லவில்லை. எழுந்து போய், ஏற்கெனவே கழுவியிருந்த கோப்பைகளை மறுபடியும் கழுவினாள். சரியாக இரண்டு மணிக்கு நான் எழுந்தேன். மகளின் கைத்தொலைபேசிக்கு இரண்டு முறை முயன்றேன். பிறகுதான் அவசர எண்ணை அழுத்தினேன். அந்த ஐந்து நிமிடமும் என்னுடையதுதான்.

குகைக்குள், திரும்பும் வழியைக் காட்டும் வழிக்கயிறு பாறையில் உரசி அறுந்திருந்தது. சேறு கலங்கி, தங்கள் கைகளே தெரியாத நிலையில் இருவரும் காற்றறையில் மேலெழுந்து, உதவிக்குக் காத்திருந்தார்கள். நீர் புகாதபடி அணியும் மகளின் உலர் உடை தொடைப் பக்கம் கிழிந்து நீர் புகுந்திருந்தது. ஊற்று நீர் கோடையிலும் சில பாகை வெப்பந்தான். இவ்வளவும் அறிக்கையில் படித்தவை.

ஒக்டோபரில் அந்த ஊரின் உள்ளூராட்சி எங்களுக்குக் கடிதம் அனுப்பியது. பண்ணைக்காரர் தம் நிலத்துக் குகைவாயை இரும்புக் கதவிட்டு நிரந்தரமாக மூட அனுமதி கேட்டிருந்தார். பல ஆண்டுகளாகச் சுழியோடிகளைத் தம் வயல் வழியே போகவிட்டவர் அவர். இனி இன்னொரு உடலைத் தம் முற்றத்தில் காண முடியாது என்று எழுதியிருந்தார். சங்கமோ, மூட வேண்டாம், நிபந்தனைகளோடு திறந்துவைக்கலாம் என்றது. முடிவெடுக்குமுன் குடும்பத்தின் கருத்தை அறிய உள்ளூராட்சி விரும்பியது.

ஒரே நாளில் இரண்டு பக்கம் எழுதினேன். நிலத்தடி ஓட்டம், அமுக்கம், கலங்கல், வெளியேறும் வழி ஒன்றே என்பது என ஒவ்வொன்றாக அடுக்கி, அந்தக் குகை மனிதர் நுழையத் தக்கதன்று என்று முடித்தேன். என் வாழ்நாளில் அதைவிட நேர்த்தியான அறிக்கையை எழுதியதில்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்தது: ‘உதவி உடனடியாகக் கோரப்பட்டும் பயன் இருக்கவில்லை.’ உறையிலிட்டு முத்திரை ஒட்டி, கதவருகே வைத்தேன்.

மறுநாள், மகளோடு குகையில் இருந்த அந்த இளைஞன் வந்தான். நோர்வேக்காரன், அவளுடைய அலுவலகத்தில் வேலை செய்பவன். குளிரில் உணர்விழந்த மூன்று விரல்கள் இன்னும் முழுதாகத் தேறவில்லை என்றான். மனைவி கொடுத்த தேநீரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். குகையை மூடினால், தடை மீறி இரகசியமாக இறங்குபவர்களுக்குக் கரைத் தொடர்பாளரே இருக்கமாட்டார் என்றும், அவள் அந்த இடத்தை விரும்பினாள் என்றும் மெதுவாகச் சொன்னான். நான் எதிர்வாதங்களை ஆயத்தமாக வைத்திருந்தேன்.

பிறகு, நாங்கள் கேட்காமலே, அந்தக் காற்றறையைப் பற்றிச் சொன்னான். ஏழு மணி கடந்தும் அவள் பேசிக்கொண்டிருந்தாளாம். பயந்தவன் அவன்தானாம். அவனைத் தேற்றுவதற்காக அவள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாளாம்:

“பயப்படாதே. அங்கே இருப்பது என் அப்பா. அவர் ஒரு நிமிடமும் பொறுக்கமாட்டார். ஒன்று ஐந்துக்கே எடுத்திருப்பார்.”

அவன் அதை நோர்வே மொழியில், ஓர் ஆறுதலாக, எனக்குத் தருவதற்காகவே கொண்டுவந்திருந்தான். போகும்போது என் கையைப் பற்றி நன்றி சொன்னான். நானும் நன்றி சொன்னேன்.

அவள் தன் வேண்டுகோளை மறந்திருந்தாளா, அல்லது நினைவிருந்தும் அவனுக்காக அப்படிச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. அப்பா ஒருபோதும் அதற்குக் கட்டுப்படமாட்டார் என்று தொடக்கத்திலிருந்தே நம்பியிருக்கவும் கூடும். மூன்றில் எதை எடுத்துக்கொண்டு ஒரு மனிதன் உயிரோடு இருப்பது? ஏழு மணிக்குப் பேசியவள். ஏழு ஐம்பதுக்கு மீட்புச் சுழியோடிகள் போய்ச் சேர்ந்தார்கள். அறுபத்தைந்து நிமிடங்களைக் கழித்துப் பார்க்கப் பொறியியல் தேவையில்லை.

மனைவி கதவருகே இருந்த உறையை எடுத்து மேசையில் வைத்தாள். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

“அந்தக் குகையைப் பூட்டினால் உங்களுக்கு நித்திரை வருமோ?” என்று கேட்டாள்.

“ஏன் அண்டைக்கு என்னைத் தள்ளிப்போட்டு நீர் எடுக்கேல்லை?”

கேட்டவுடனேயே அது எவ்வளவு கீழான கேள்வி என்று உணர்ந்தேன். அவள் உறையை என் பக்கம் நகர்த்தினாள்.

“நானும் உங்களைத்தான் நம்பினனான்” என்றாள்.

உறையைக் கிழித்தேன். இரண்டாவது கடிதம் ஒரு பக்கந்தான். குகையை மூடும்படி நான் கேட்கவில்லை, திறக்கும்படியும் கேட்கவில்லை. அறுபத்தைந்து நிமிடங்களையும் அவற்றின் காரணத்தையும் எழுதினேன். இனி எவரையேனும் அனுமதிப்பதானால், கரைத் தொடர்பாளர் குகைவாயிலேயே நிற்க வேண்டும். அவர் எவருடைய தந்தையாகவும் இருக்கக்கூடாது. நேரம் கடந்தால் ஒரு நிமிடமும் சலுகை கூடாது. குகைவாய்க்கு ஒரு கதவிட்டு, இவை நிறைவேறினாலன்றிப் பண்ணைக்காரர் சாவியைக் கொடுக்கக்கூடாது என்று கேட்டேன். அஞ்சல் பெட்டியில் இட்டது திங்கட்கிழமை. வருகிற வியாழக்கிழமை உள்ளூராட்சிக் கூட்டத்தில் அதை உரக்க வாசிப்பார்களாம். அந்த இளைஞன் அங்கே இருப்பான்.

இன்னும் செய்யாதவை:

அவளுடைய கிழிந்த உடையைப் பொலிஸ் நிலையத்திலிருந்து பெற்றுக்கொள்வது.

துரொண்ட்ஹெய்ம் வீட்டுச் சாவியை ஒப்படைப்பது.

தொலைபேசிக்கு மேலேயுள்ள தாளைக் கழற்றுவது.

மனைவியிடம் அந்தக் கேள்விக்கு மன்னிப்புக் கேட்பது.

வியாழனுக்கு முன் அந்த இளைஞனை அழைத்து, நான் பொறுத்திருந்தேன் என்று சொல்வது.