சுண்ணாம்பில் கலந்த குரோம் மஞ்சள்

அன்று ஆபீஸ் சுவருக்கு முன்னால் நின்றவர்கள் அப்பா, எங்கள் கங்காணி, நான். தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரை இல்லை, பதுளைக்குப் போயிருந்தார். தோட்டத்து முதலாளி சீமையிலிருந்து வருவதற்குள் சுவர் மஞ்சளாக வேண்டும் என்பது துரையின் உத்தரவு. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி வெட்டியே அப்பாவின் முழங்கால் போய்விட்டிருந்தது. அவர் பூசும் சுவர் நன்றாக அமைந்தால் இலை அரைக்கும் ஸ்டோரில் உட்கார்ந்து செய்யும் வேலை தருவதாகத் துரை சொல்லியிருந்தார்.

பதுளை நானா கடையிலிருந்து குரோம் மஞ்சள் தூளும் ஆளி விதை எண்ணெயும் வந்தன. எண்ணெயைக் கங்காணி தன் வீட்டுக் கதவுகளுக்கு ஒதுக்கிவிட்டு, தூளைச் சுண்ணாம்பில் போடச் சொன்னார். நாங்கள் குடியிருக்கும் லயத்துச் சுவர்களுக்கு மஞ்சள் மண்ணை அப்படித்தான் கலப்போம். எத்தனை மழைக்கும் நிறம் மாறாது. அப்பாவுக்குச் சந்தேகமே வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். டப்பாவின் மேல் இங்கிலீஷில் இருந்ததை வாசித்துச் சொன்னேன்: எண்ணெயில்தான் குழைக்க வேண்டும், சுண்ணாம்பு ஆகாது, ஈயம் சேர்ந்த விஷம்.

“படிச்ச வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு தம்பி. கணக்கப்பிள்ளை வேலைக்கு உம்பேரத்தான் தொரகிட்டச் சொல்லலாம்னு இருக்கேன்,” என்றார் கங்காணி.

சும்மா இருந்தேன்.

முதல் நாள் கொன்றைப் பூவாக இருந்த சுவர், மூன்றாம் நாள் திட்டுத் திட்டாகச் சிவந்தது. துரைக்கு ஆலாத்தி கரைத்து ஊற்றியிருக்கிறார்கள் என்று கொழுந்து பறிக்கப் போன பெண்கள் சிரித்தார்கள்.

துரை திரும்பிய மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லாருக்கும் முன்னால் விசாரித்தார். டப்பாவை வாசித்துவிட்டுச் சுண்ணாம்பில் போடச் சொன்னது நான் என்று என்னைக் காட்டினார் கங்காணி, கூசாமல். துரை என்னைப் பார்த்தார். நான் கங்காணியைப் பார்த்தேன். அப்பா நொண்டிக்கொண்டே முன்னால் போனார்.

“அவன் சரியாத்தாங்க வாசிச்சான், தொர. நாந்தான் கேக்கல.”

“அப்ப நீயே சொரண்டு. தண்ணி போடாத, செவுரு காயாது.”

நான்கு நாள் கவ்வாத்துக் கத்தியால் சுரண்டினார். மயிரிலும் இமையிலும் பல்லிலும் மஞ்சள் தூசி. விஷம் என்று வாசித்த நான், மூக்கில் கட்ட ஒரு துணிகூடக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை; கங்காணி பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் அப்பாவுக்கு வயிறு முறுக்கியது. சுருண்டு படுத்தார், கஞ்சி தங்கவில்லை.

ஸ்டோர் வேலை வேறொருவருக்குப் போயிற்று. சரியாக வாசித்தவன் என்று கணக்கப்பிள்ளைக்கு உதவியாளாக என்னைப் போட்டார்கள். எழுந்ததும் அப்பா மறுபடி கவ்வாத்துக்கே போனார்; என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அப்பாவின் சம்பளத்தில் தூளுக்கும் சுண்ணாம்புக்கும் எட்டு ரூபாய் பிடித்தார்கள். கங்காணி வீட்டுக் கதவில் பூசிய எண்ணெய்க்கும் மூன்று. அப்பா படுத்துக் கிடந்த பதினாறு நாளுக்குப் பேர் போடாததில் போன கூலி ஐந்து ரூபாய் இருபத்தெட்டுச் சதம். என் கணக்கில் மொத்தம் பதினாறு ரூபாய் இருபத்தெட்டுச் சதம்.