வாயில்லாத வேற்றுகிரகவாசிக்கு ஒரு குரல்

டப்பிங் ஸ்டுடியோவில் அவளைக் கூட்டத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சினிமாவில் சந்தை இரைச்சல், விபத்து நடந்த இடத்தில் "ஐயோ", கல்யாண வீட்டுச் சிரிப்பு எல்லாம் அவள் தொண்டையிலிருந்து வந்தவைதான். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு படத்தில்கூட அவள் பெயர் வந்ததில்லை. ஒரே ஒரு தடவையாவது அதைத் திரையில் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை.

"கூட்டத்துக்கெல்லாம் யாரும்மா பேர் போடுவாங்க?" என்று பெற்ற மகளே கேலி செய்வாள்.

அப்போதுதான் அந்தப் படம் டப்பிங்குக்கு வந்தது. வேற்றுகிரகத்திலிருந்து ஒரு பிராணி இறங்கி, ஒரு பெண் விஞ்ஞானியோடு பேசப் பார்க்கிறது. வார்த்தை கிடையாது, வெறும் சத்தம். பெரிய பெரிய குரல்காரர்கள் நாலு பேர் வந்து பார்த்துவிட்டுத் தோற்றுப்போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. வாயசைவைப் பார்த்துக் குரல் கொடுத்தே பழகியவர்கள். இந்தப் பிராணிக்கோ வாயே இல்லை. எங்கே ஆரம்பிப்பது, எங்கே முடிப்பது என்று புரியாமல் உறுமித் தள்ளினார்கள். டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நான் ஒரு தடவை பாக்கட்டுமா சார்?" என்றாள் கூட்டத்தக்கா.

மைக் முன்னால் நின்றவள் பிராணியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விஞ்ஞானியின் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தில் புருவம் சுருங்கியதும் சத்தத்தைத் தணித்தாள். பயம் தெரிந்ததும் சட்டென்று நிறுத்தினாள். கண் விரிந்ததும் மெல்லத் தொடர்ந்தாள். கேட்கிறவள் மனசு போகிற போக்கிலேயே போனாள். இது என்ன லேசுப்பட்ட வித்தையா? இருவரும் பிரியும் காட்சி முடிந்தபோது சவுண்டு இன்ஜினியர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

டைரக்டர் ஓடிவந்தார். "பிரமாதம்க்கா! ஆனா ஒண்ணு, உங்க பேரைப் போட வேண்டாம். மனுஷக் குரல்னு தெரிஞ்சா ஜனங்க நம்ப மாட்டாங்க."

அவள் முகம் சுண்டிப்போனது. நன்றாகச் செய்ததற்கு இப்படியும் ஒரு தண்டனையா? வழக்கமாக "சரிங்க சார்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறவள்தான். அன்றைக்குக் கிளம்பவில்லை.

"படம் முடிஞ்சப்புறம்தானே சார் எங்க பேரெல்லாம் வரும்? அதுக்குள்ள அழுதவங்க, பேரைப் பாத்ததும் கண்ணீரைத் திருப்பி வாங்கிக்கவா போறாங்க?"

டைரக்டர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"உங்க பேர் என்னக்கா?"

அந்த ஸ்டுடியோவில் இதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. அவள் சொன்னாள். பிழையாக எழுதிவிடப் போகிறாரே என்று, ஒவ்வொரு எழுத்தாக இன்னொரு தரமும் சொன்னாள்.