‘வேண்டாதது’ என்று பெயரிட்ட கோப்புறை

கணினியைப் புதிய பதிப்புக்கு மாற்றி முடித்ததும் திரையில் வெறும் நீலம் மட்டுமே தெரிந்தது. யுத்த காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் நான் வேலை செய்த இன்டர்நெட் கடையில் அது நடந்தது. பிள்ளைகளே, அந்தக் கடையை நடத்திய அக்காவைப் பற்றி உங்களுக்கு எழுதிவைக்க வேண்டும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

அந்நாளில் வடக்கிலிருந்து வந்து லொட்ஜுகளில் தங்கியிருந்தவர்கள் தங்கள் பிள்ளைகளின் படங்களைக் கையில் வைத்திருக்கப் பயந்தார்கள். சோதனைக்கு வரும் பொலிஸும் ஆமியும் படத்தைக் கண்டால் இவன் யார், இப்போது எங்கே என்று கேட்பார்கள். அதனால் அக்கா அவற்றை ஸ்கேன் செய்து கடைக் கணினியில் வைத்துக்கொடுப்பார். பிறகு படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. கோப்புறைக்கு ஆளின் பெயரை மட்டும் அக்கா போடமாட்டார். ‘பழசு’, ‘வேண்டாதது’ என்று, திறந்து பார்க்க யாருக்கும் மனம் வராத பெயர்களாகப் பார்த்துப் போடுவார். நான் புதிதாகச் சேர்ந்தவன். இதொன்றும் எனக்கு அப்போது தெரியாது.

அன்றைக்கு அக்கா வங்கிக்குப் போயிருந்தார். புதிய பதிப்பைப் போட வந்தவர் ஒரு முஸ்லிம் அண்ணர்; நானா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு, ஆமி வீதியை மூடுவதற்குள் கொட்டாஞ்சேனைக்குத் திரும்ப வேண்டும் என்ற அவசரம். பழைய பதிப்பும் அதிலிருந்த கோப்புறைகளுமெல்லாம் ஓரிடத்தில் ஒதுங்கி டிஸ்க்கை நிறைத்திருந்தது. நானா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“எல்லாம் குப்பைதான் தம்பி. உங்கட அக்காவே ‘வேண்டாதது’ண்டு எழுதி வெச்சீக்கிறா. அழிச்சாத்தான் மெஷின் மூச்சு விடும்.”

அவர் அழிக்கப்போகும் நேரத்தில், தினமும் வந்து அக்கா திரையில் திறந்து கொடுப்பதைப் பார்த்துவிட்டுப் போகும் ஓர் அம்மா வந்து வழக்கமான கதிரையில் உட்கார்ந்தார். வெறுந்திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இண்டைக்குப் பிள்ளையைக் காணேல்லை.”

பழையதையெல்லாம் அழிக்கப்போகிறோம் என்றேன். அவர் பதறவில்லை. எனக்கு வழி சொல்வதுபோலச் சொன்னார்.

“‘வேண்டாதது’ எண்டதுக்குள்ள பாருங்கோ. அக்கா அவனை அதுக்குள்ளதான் வச்சிருக்கிறவ.”

நானா மவுஸிலிருந்து கையை எடுத்தார். திறந்தோம். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் ஒரு பையன்.

அக்கா திரும்பி வந்து எங்களை ஏசவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தார். இது இன்னாருடைய மகன், இது இன்னாருடைய தம்பி என்று அவர் சொல்லச் சொல்ல, நானா அவற்றை வேறாக எடுத்துவைத்தார். வீதி மூடும் நேரம் தாண்டியது. ஒரு பிளேன்டீ சொல்லச் சொன்னாரே தவிர, நானா எழும்பவில்லை.

இன்று உங்கள் கணினி புதிய பதிப்புக்கு மாறினால், பழையதைச் சில நாளில் தானே அழித்துவிடுகிறது. அப்பா ஏன் அதற்குள் எல்லாவற்றையும் திறந்து பார்க்கிறார் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

அன்று எடுத்துவைத்ததில் சிலதைத் தேடி ஒருவரும் வரவேயில்லை. அவற்றையும் அக்கா அழிக்கவிடவில்லை. கடையின் மற்றக் கணினிகளெல்லாம் வேகமாகிவிட்ட பிறகும், அந்த ஒன்று மெதுவாகவே ஓடிக்கொண்டிருந்தது.