பந்து வரும் வேகம்

லிஃப்ட் பழுது பார்க்கிறவர் அவர். எதற்கெடுத்தாலும் "பத்திரம், பத்திரம்" என்பதால் கூட வேலை செய்பவர்கள் அவருக்குப் 'பத்திரம்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அத்தனை மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற மனிதர், மகள் விஷயத்தில் மட்டும் தொடைநடுங்கி.

காரணம் இல்லாமல் இல்லை. பிறந்ததும் மூச்சுக்கே திணறிய குழந்தை அவள். உடம்பெல்லாம் குழாயோடு கிடந்தவளைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவர். எப்படியோ பிழைத்துவிட்டாள். ஆனால் கைகால்கள் அவள் சொன்ன பேச்சைக் கேட்கக் கொஞ்சம் சுணங்கின. அது அவளுக்குத் தெரியவே கூடாதென்று இவர் ஒரு வேலை செய்தார். மாலையானால் மாடிப்படி ஓரம் பந்து விளையாட்டு. வீசுவதாகப் பேர்தான், அவள் கைக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிடுவார். "என் பொண்ணு கையில பந்து ஒட்டிக்கும்!" என்று பெருமை வேறு. அவளும் நம்பினாள்.

அவளுக்கு எட்டு வயதானபோது, அப்படிப் பிழைத்த குழந்தைகளை ஆஸ்பத்திரியில் கூப்பிட்டுப் பரிசோதித்தார்கள். பிசியோதெரபி அம்மா இரண்டு படங்களை வைத்தார். ஒன்றில் பந்தைப் பிடிக்கிற குழந்தை, மற்றதில் கோட்டைவிடுகிற குழந்தை.

"இதுல நீ யாரு கண்ணு?"

பிடிக்கிற குழந்தையைத் தொட்டாள். மூலையில் இருந்த அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். குட்டு வெளிப்பட்டால் பிள்ளை மனசு உடைந்துவிடுமே!

பந்து வந்தது, எல்லாக் குழந்தைகளுக்கும் வருகிற வேகத்தில். நெஞ்சில் பட்டு விழுந்தது. அடுத்தது விரலில் பட்டு ஓடியது. ஒன்றுகூடக் கையில் நிற்கவில்லை. அந்த அம்மா மறுபடி படங்களை நீட்டினார். மகள் கொஞ்சம் யோசித்து, கோட்டைவிடுகிற குழந்தையைத் தொட்டாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்பா!" என்றாள். நிமிர்ந்தால் அவள் முகமெல்லாம் சிரிப்பு. "பந்து இவ்ளோ வேகமாவா வரும்? நீ ஏன் சொல்லவே இல்ல?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சாவோடு மல்லுக்கட்டி ஜெயித்து வந்தவள், ஒரு பந்துக்கு உடைந்துபோவாள் என்றா இத்தனை நாள் நினைத்தோம்!

அன்று மாலை, பழக்கதோஷத்தில் மெதுவாகவே போட்டார். அவள் பிடித்து, அதே வேகத்தில் திருப்பி எறிந்தாள்.

"ஏமாத்தாதப்பா. நிஜமா போடு."

நிஜமாகவே வீசினார். பந்து அவள் தோளில் பட்டுத் தெறித்துப் படிகளில் உருண்டது. சிரித்தபடி தத்தித் தத்தி அதன் பின்னால் இறங்கினாள். அவர் நின்ற இடத்திலேயே நின்று, அவளை அன்றுதான் முதல்முறை பார்க்கிறவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.