கணினியின் நெற்றி

2023 மார்ச் 14 – தொழிற்சாலைக் கணினி: ரூபா 985,000
மார்ச் 20 – கணினி அறைக்குக் குளிரூட்டி: ரூபா 210,000
மார்ச் 20 – கணினியை இயக்குபவருக்குக் கதிரை: ரூபா 2,750
ஒக்டோபர் 23 – சந்தனம், குங்குமம், மாலை: ரூபா 640
ஒக்டோபர் 26 – பழுதான நெல், 6 தொன்: ரூபா 600,000

அந்தக் கதிரையில் இருந்தவர் ஜனார்த்தனன். அக்கராயனில் ஒரு விவசாயிகள் சங்கத்தின் அரிசி ஆலையில் ஆறு வருடமாகத் தற்காலிக ஊழியர். வருகிற தையில் நிரந்தர நியமனம் என்று தலைவர் பரமலிங்கம் வாக்களித்திருந்தார். முந்தைய ஐந்து தைக்கும் இதே வாக்கைத்தான் அளித்திருந்தார்.

நெல் ஊறும் தொட்டிகளையும் நீராவியையும் சுவரில் இருந்த ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி கவனித்தது. சொல்லிவைத்த ஒழுங்கில் வால்வுகளைத் திறக்கும், மூடும்; வாய் திறக்காது. இப்படி ஓசையில்லாமல் வேலை நடப்பது தலைவருக்குப் பொறுக்கவில்லை. ஆகவே பெட்டிக்கு மேலதிகாரியாகக் கணினி வந்தது. தொடுதிரையைத் தொட்டால் கணினி கட்டளையிடும், பெட்டி செய்யும். யார் எதைத் தொட்டாலும், இயக்குபவராகப் பதிந்திருந்த ஜனார்த்தனனின் பெயரில் கணினி அதை எழுதிவைக்கும்.

ஆயுத பூசையன்று தலைவர் சந்தனக் கிண்ணத்துடன் அதன்முன் நின்றார்.

"தம்பி, இதுக்கு நெத்தி எது?"

"மேல்பக்கம் நடுவாப் பாருங்கோ, ஐயா."

அங்கே சிவப்பாக ஒரு வட்டம் ஏற்கெனவே இருந்தது. அம்பாளே இடம் காட்டிவிட்டாள் என்று தலைவர் அதன்மேல் கட்டிச் சந்தனத்தை அப்பினார். அது ஆலையை நிறுத்தத் திரையில் இருந்த பொத்தான். விரலுக்கும் சந்தனத்துக்கும் அந்தத் திரை பேதம் பார்ப்பதில்லை என்பது அங்கிருந்த எவருக்கும் தெரியாது.

மறுநாள் விசயதசமி. நல்ல நேரத்தில் தொடங்குவதற்காக ஆறு தொன் நெல் ஊறிக்கொண்டிருந்தது. ஆலை மூன்று விநாடி ஓடியது, நின்றது. மறுபடி ஓடியது, நின்றது. கணினி இல்லாமல் பெட்டியைத் தனியே ஓட்டிப்பார்க்கும்படி கொழும்பிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள்.

"அப்ப இந்தப் பத்து லட்சத்தைச் சும்மா பாத்துக்கொண்டு இருக்கிறதோ?" என்றார் தலைவர்.

மூன்றாம் நாள் நெல் நாறிய நாற்றம் பிரதான வீதிவரை போனது. கணினியின் பதிவைத் திறந்தார்கள். 'நிறுத்து – ஜனார்த்தனன்' என்று நாலாயிரம் வரி. அவர் வீட்டில் நித்திரை கொண்ட நேரத்திலும் பொத்தானை அமத்தியிருந்தார். கணினி பொய் சொல்லாது என்று நிர்வாகசபை ஏகமனதாகத் தீர்மானித்து, அவரை இடைநிறுத்தியது.

"நாலாயிரம் தரமோ?" என்றாள் மனைவி தர்மிளா. "லைற் சுவிச்சை அமத்தச் சொன்னாலே மூண்டு தரம் கத்தவேணும். இந்த மனுசனோ அமத்தினது?"

கொழும்பிலிருந்து பொறியியலாளர் அஜந்தன் வந்தார். மூன்று மணித்தியாலம் வயர்களைக் கழற்றிப் பூட்டினார். ஒன்றும் அகப்படவில்லை. அறிக்கைக்குப் படம் எடுப்போம் என்று கைலேஞ்சியால் திரையைத் துடைத்தார். ஆலை ஓடத் தொடங்கியது, நிற்கவில்லை. தனது கெட்டித்தனத்தை அவரே ஒரு கணம் வியந்தார். பிறகு கைலேஞ்சியைப் பார்த்தார். 'திரையில் வெளிப்பொருள்' என்று நாகரிகமாக எழுதிவிட்டுக் கொழும்புக்குப் போனார்.

அந்த வாரமே தலைவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஜனார்த்தனன் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, பொதுக்கூட்டம் வருகுது. நெல்லைப் பறிகுடுத்த சனம் சும்மா இராது. இந்தப் பொட்டுக் கதை எங்களோடையே இருக்கட்டும்."

"நியமனக் கடிதம் வரட்டும், ஐயா. பிறகு மறக்கிறன்."

"என்னிலை நம்பிக்கை இல்லையோ?"

"ஐஞ்சு தை நம்பினனான்."

முதலில் இடைநிறுத்தத்தை நீக்கி ஒரு கடிதம் வந்தது. ஜனார்த்தனனுக்கு மறதி வரவில்லை. அடுத்து, அவர் செய்யாத குற்றத்தைச் சங்கம் பெருந்தன்மையுடன் மன்னிப்பதாக ஒன்று வந்தது. அப்போதும் அவருடைய ஞாபகசக்தி பழுதில்லாமல்தான் இருந்தது. பொதுக்கூட்டம் 2024 ஜனவரி 10, காலை பத்து மணிக்கு என்று அறிவித்தார்கள். நிரந்தர நியமனக் கடிதம், தலைவரின் ஒப்பத்தோடும் சங்கத்தின் முத்திரையோடும், கைக்கு வந்த திகதி ஜனவரி 9.