சுண்ணாம்புக் கோடு

ஏரியூர்ப் பக்கத்து மூன்று குக்கிராமங்களிலும் தீர்த்தனைக் கண்டால் ஆட்கள் மெல்ல நழுவிவிடுவார்கள். கெட்ட மனிதர் அல்ல. ஏரியைப் பற்றிப் பேசுவார், அவ்வளவுதான்.

இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஓடையை மறித்துக் கரை போட்டால் மூன்று ஊருக்கும் தண்ணீர் என்பது அவர் பேச்சு. அது முப்பத்து நாலாம் வருஷம். சங்கம் ஒன்று வைத்து, அவரையே தலைவராக்கி, அத்தோடு தங்கள் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போனவர்கள் நம் ஜனங்கள். வாரம் ஒருநாள் வீட்டுக்கு ஒருவர் மண் சுமக்க வேண்டும் என்று ஏற்பாடு. முதல் வாரம் திருவிழாக் கூட்டம். மழைக்காலம் முடிவதற்குள் அவரும் அவர் மனைவி கருப்பியும் மட்டும் கூடையோடு நின்றார்கள்.

மறுபடி ஊர் ஊராக நடந்தார். கால் வீங்கியது, தொண்டை கட்டியது. யாருக்கும் ஏரி வேண்டாம் என்றில்லை. ஆளுக்கொரு ஏரி மனதில் இருந்தது. ஒருவருக்கு அது மாடு குளிக்கும் குட்டை, இன்னொருவருக்குக் கடல். ஓடையோரம் கேழ்வரகு போடும் பச்சியப்பனோ, தண்ணீர் தன் காட்டை ஓரமாகத் தொட்டுவிட்டு நின்றுவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தார். நிலம் முழுகினால் கரைக்குக் கீழே மாற்று நிலம் உண்டு என்று தீர்த்தன் பலமுறை சொன்னதும் அவர் காதில் ஏறவில்லை.

வாயால் சொல்லி அலுத்துப்போய், பென்னாகரத்துக் கொத்தனார் நூர் பாஷாவைக் கூட்டி வந்தார். கரை வரப்போகும் உயரத்துக்கு ஒரு கம்பை நட்டார்கள். நூர் பாஷா கம்பின் உச்சிக்கு நேராகத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்த்து, தண்ணீர் ஏறும் இடத்தைப் பாறையிலும் மரத்திலும் சுண்ணாம்பால் குறித்துக்கொண்டே போனார். ஊரே பின்னால் நடந்தது. பச்சியப்பன் காட்டில் நின்ற பனைமரத்தில், அவர் தலைக்கு மேலே கோடு விழுந்தது.

"என் நெலத்த முழுக்கறதுக்கா உன்னத் தலைவனாக்குனோம்?" என்று அவர் கத்த ஆரம்பித்தார். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள்.

அடுத்த மேட்டில் தீர்த்தனின் வீடு. கருப்பி தன் கையால் மண் குழைத்து எழுப்பிய வீடு. நூர் பாஷா சுண்ணாம்புச் சட்டியைக் கீழே வைத்தார்.

"அண்ணா, கோடு செவுத்து மேல போகுதுங்க. இத உட்டுட்டு அந்தாண்ட பாறையில போட்டுரட்டுங்களா?"

எல்லாருடைய கண்ணும் தீர்த்தன் மேல். வீடு தப்பாது என்று அவருக்கு வெகுநாளாகச் சந்தேகம். வீட்டில் சொல்லத் தைரியம் வரவில்லை. இங்கே கோடு போடாமல் விட்டால் ஒருவரும் ஒரு சாண் நிலம் தரமாட்டார்கள் என்பதும் தெரியும்.

"போடுங்க பாய்" என்றார்.

சுவரில் இடுப்பளவு உயரத்தில் கோடு விழுந்தது. கருப்பி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு ஊருக்கும் சொன்னியே மாமா, எனக்குச் சொன்னியா? இந்த வூட்ட முழுக்கடிக்கத்தான் நானும் மண்ணு சொமந்தனா?"

அத்தனை கூட்டத்தில் பேசிய மனிதரை வெட்கம் பிடுங்கித் தின்றது. பச்சியப்பனும் கத்துவதை நிறுத்திவிட்டார். அந்தச் சுவரைப் பார்த்தபின் என்னவென்று கத்துவது?

அடுத்த வாரம் பச்சியப்பன் கூடையோடு வந்தார். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். கருப்பி மட்டும் அதன்பின் ஒரு கூடை மண் சுமக்கவில்லை. ஏன் என்று கேட்கத் தீர்த்தனுக்கு முகம் இல்லை. வாசலில் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் யோசித்தே அவர் பாதி கிழவரானார் என்பேன்.

கரை முடிய நாற்பத்தோராம் வருஷம் ஆகிவிட்டது. தீர்த்தனும் கருப்பியும் தண்ணீர் எட்டாத மேட்டில் வேறு குடிசை போட்டுக்கொண்டார்கள். அந்த ஐப்பசியில் விடாமல் மழை. மூன்று ஊரும் கரையில் நின்று ஆரவாரம் செய்தது. தீர்த்தனைத் தோளில் தூக்க வந்தார்கள். உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிட்டு, நனைந்தபடி குடிசைக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த கருப்பி திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"நம்ம வூட்டுச் செவுத்துல போட்ட கோடு தெரியுதா?"

"இல்ல. முழுவிப் போச்சு."

"அப்ப ஏரி நெறஞ்சிருச்சு" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்குச் சோறு போட எழுந்தாள்.