உட்கார்ந்தால் தெரியும் எழுத்து

"ஒரு மாசம் பாப்பேன். செவுரு மறுபடி நாறுச்சுன்னா சாமி பட டைல்ஸ ஒட்டிருவேன். எழுத்தெல்லாம் போயிரும், பாத்துக்கங்க."

மாட்டுத்தாவணிப் பக்கம் பாலத்துக்கு அடியில், மூக்கைப் பிடித்துக்கொண்டு வார்டு சூப்பர்வைசர் போட்ட நிபந்தனை இது. சிறுநீர் கழிக்க மட்டுமே ஆட்கள் ஒதுங்கிய சுவர் அது. அதில் எழுத அனுமதி வாங்கியவர் ஓவியர் யமுனா. எழுதப் போனவன் நான்.

கட்சி, ஜவுளிக்கடை, சிமெண்ட் என்று ஆயுசெல்லாம் சுவரில் எழுதியவன். ஓடுகிற பஸ்ஸிலிருந்து படிக்க முடிய வேண்டும், அதுதான் எங்கள் தொழிலில் கணக்கு. வழக்கம்போல ஆள் உயரத்துக்கு அவுட்லைன் போட்டு, சிவப்பில் ஷேடும் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். யமுனா வந்து பார்த்துவிட்டு, கோபப்படாமல் வெள்ளை அடிக்கச் சொன்னார்.

"உள்ளங்கை அளவு போதும்ணே. இடுப்பு உயரத்துல எழுதுங்க."

"பஸ்ஸுல போறவனுக்கு எப்படிம்மா தெரியும்?"

"போறவுகளுக்கு இல்லண்ணே. உக்காந்திருக்கவுகளுக்கு."

எனக்கு எரிச்சல். இந்த நாற்றத்தில் எவன் வந்து உட்காரப் போகிறான்? யமுனா தரையைக் கழுவவைத்து, சுவரைப் பார்த்த மாதிரி ஒரு கல்பலகை போடச் செய்தார். நான் குத்தவைத்து, முட்டி வலிக்க எழுதினேன். வெறும் கறுப்பு எனாமல்:

கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். யாராவது கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன்.

மாதம் முடிந்து சூப்பர்வைசர் டைல்ஸ் பெட்டியோடு வந்த அன்று நானும் போனேன். பலகையில், மார்க்கெட்டில் பூக்கூடை சுமக்கும் பாண்டியம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கண்டக்டர். இருவரும் சுவரைப் பார்த்தபடி சும்மா இருந்தார்கள். நாற்றம் இல்லை. நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும் சுவரில் எவன் ஒதுங்குவான்?

சூப்பர்வைசர் நின்றபடி படிக்கப் பார்த்தார். குனிந்தார். சரிப்படாமல் பலகையில் உட்கார்ந்துவிட்டார். அந்நேரம் பார்த்து செல்போன் அடித்தது.

"இருங்க சார்," என்றார் பாண்டியம்மா. "செவுரு சொல்லிக்கிரும்."

மனிதர் சிரித்துவிட்டார். போன் அடித்து ஓய்ந்தது. டைல்ஸ் பெட்டி வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

யமுனாவை நினைத்தால் எனக்கு இன்றும் அவ்வளவு பெருமை. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிரஷ்ஷைத் தொடுமுன், படிக்கிறவர் இருக்கும் இடத்தில் போய் இருந்து பாருங்கள். ஜவுளிக்கடைச் சுவருக்கும் நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

வேலை முடிந்த சாயங்காலங்களில் அந்தப் பலகையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். வீட்டில் தேடினால் சுவர் சொல்லிக்கொள்ளும்.